அருணாக்கயிற்றுத் தடம்

என் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் இடுப்பில் இருந்த அந்தக் கருப்பு அடையாளத்தை முதலில் பார்த்தவள் நான்தான். இந்த ராசாத்தாள் தன் ரெண்டு கண்ணாலும் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

அன்னூர்த் தோட்டத்தில் புதர் மண்டிக் கிடந்த வரப்பில் அவர் புல் அறுத்தார். பத்தே நாளில் காய்ச்சல். நாலாம் நாள் ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கும்போது, அருணாக்கயிற்றுக்கு அடியில் மிளகு அளவுக்குக் கருப்பாக ஒரு பொருக்கு இருந்தது.

“கயித்த இத்தன இறுக்கிக் கட்டுனா அறுக்காம என்ன பண்ணும்? சொன்னாக் கேக்கறீங்களா?” என்று திட்டிவிட்டு, கயிற்றைத் தளர்த்தித் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

“உடு அம்மணி, காச்சக்காரனப் போயி வையற” என்று சிரித்தார்.

உள்ளூரில் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. எட்டாம் நாள் மூச்சு வாங்கவும் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை.

“உடம்புல எங்கயாச்சும் கருப்பாப் புண்ணு இருக்குங்களா? வேட்டியக் கொஞ்சம் தளத்துங்க, பாத்தர்றேன்” என்றார் டாக்டரம்மா. சின்ன வயசு.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று இவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரிய மானஸ்தர்!

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “இல்லீங்க” என்றேன். பொய் சொல்லவில்லை. என் கணக்கில் அது புண்ணே இல்லை, கயிறு அறுத்த தடம்.

மறுநாள் நினைவு தப்பியது. மூத்திரக் குழாய் போட வந்த நர்ஸ் கயிற்றை வெட்டிவிட்டு, “டாக்டர், இங்க வாங்க!” என்று கத்தினாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். “உண்ணிக் காய்ச்சலுங்க. எலி மேல இருக்கற பொடிப்பூச்சி புதர்ல ஏறிக் கடிச்ச எடம் இது.”

“மருந்து இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க, இப்பவே போடறோம். ஆனா கிட்னி, நுரையீரலெல்லாம் அடிபட்டிருச்சு. மொதல்லயே தெரிஞ்சிருந்தா சாதாரண மாத்திரையிலயே...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் நான் தடவிவந்த எண்ணெய் அதன்மேல் இன்னும் பளபளத்தது.

ரெண்டு நாள் கழித்து அவரை வீட்டுக்குப் பிணமாகக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டும்போது, வழக்கப்படி அருணாக்கயிற்றை அறுக்கப் பங்காளி மாசாணம் இடுப்பைத் தடவினார்.

“ஏனுங்க, கயித்தக் காணமே?”

வெட்டிய கயிறு என் முந்தானை முடிச்சில் இருந்தது. அவிழ்த்துக் கொடுத்தேன்.

“அன்னைக்கே நான் அறுத்திருக்கோணுமுங்க! அன்னைக்கே அறுத்திருக்கோணும்!” என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினேன்.

துக்கத்தில் உளறுகிறேன் என்று எல்லாரும் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.