காராமணிக்காரியின் ஜாமீன்

செனகலின் டக்கார் நகரில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் வரிசையில் ஃபாமோரி த்ராவொரே காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். நாற்காலிகள் இல்லாமல் இல்லை. இரண்டு பேர் எழுந்து இடமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அவர் போட்டிருந்தது கஞ்சி போட்டு, கட்டையால் அடித்து, கண்ணாடி போலப் பளபளப்பு ஏற்றிய நீல அங்கி. உட்கார்ந்தால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த அங்கியோடு ஒரு த்ராவொரே அரசாங்க ஆளின் முன்னால் போய் நிற்பதை அவர் குடும்பம் இதுவரை கண்டதில்லை.

அவர் மாலி நாட்டில் செகூ ஊரைச் சேர்ந்தவர். டக்காருக்கு வந்தது தம்பி முறையுள்ள ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு. கல்யாணச் சோறு இன்னும் செரிக்கவில்லை, தெற்கே வேலைபார்க்கும் மகன் லசினாவிடமிருந்து போன் வந்துவிட்டது: பையன் பிறந்திருக்கிறான். எட்டாம் நாள் பெயர் வைக்க வேண்டும். இந்தத் தூதரகம் அந்தத் தெற்கு நாட்டுடையதுதான். அதன் பெயர் இங்கே வேண்டாம். அதன் அதிகாரிகள் இன்னும் பதவியில்தான் இருக்கிறார்கள்.

த்ராவொரே வீட்டில் தலைப்பேரனுக்குத் தாத்தாவின் பெயர். ஆனால் அந்தத் தாத்தா நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வரவில்லையென்றால் தாய்வழித் தாத்தா முந்திக்கொள்வார். அந்த எல்ஹாஜி சில்லா அதே ஊரில், இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆடுகூட வாங்கிக் கட்டிவிட்டதாக லசினா சொன்னான். தன் பேரனைக் கூப்பிடும்போதெல்லாம் தன் வாயிலிருந்து சில்லாவின் பெயர் வர வேண்டும் என்பதை நினைத்தாலே ஃபாமோரிக்குப் பல் கூசியது.

செகூவுக்குத் திரும்பிப் போய்க் காகிதங்களை எடுத்துவர நாளில்லை. வீட்டுப் பத்திரம், ஓய்வூதியச் சீட்டு எல்லாம் அங்கே இரும்புப் பெட்டியில் தூங்கின. இப்படி வழியில் இருந்துகொண்டு விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு அந்தத் தூதரகத்தில் ஒரு விதி இருந்தது: மாதச் சம்பளம் வாங்கும் உள்ளூர்க் குடிமகன் ஒருவர், இவர் போய்விட்டு ஒழுங்காகத் திரும்பி வருவார் என்று ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஃபாமோரி தங்கியிருந்த கல்யாண வீட்டுக்காரர் கருவாட்டு வியாபாரி. நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் மாலிக்காரர். சம்பளம் என்ற ஒன்றை அவர் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை.

அவர் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையானவள். விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, பயண நோக்கம் என்ற இடத்தில் ஏன் எதுவும் எழுதவில்லை என்று கேட்டாள். அங்கே சுற்றுலா, வியாபாரம் என்ற இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன, தான் ஊர் சுற்றப் போகவில்லை, தன் குடும்பத்தில் வேலைவெட்டி இல்லாமல் அடுத்தவன் ஊரை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் யாரும் கிடையாது என்று ஃபாமோரி விளக்கினார்.

"பேர் வைக்கப் போறவங்களுக்குன்னு தனி விசா இல்லீங்க பெரியவரே," என்றாள் அவள். "சுற்றுலான்னே போட்டுக்கிறேனுங்க."

சொல்லிக்கொண்டே பாஸ்போர்ட்டைத் திறந்தாள். பெயரைப் படித்தாள்.

"த்ராவொரேயா?"

அவள் பேச்சில் இருந்த மரியாதை அந்த நொடியே உயிரை விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதானே பார்த்தேன், நடையே சரியில்லையேன்னு. எங்க வீட்டு அடிமைதானா நீ? யாரைக் கேட்டுடா ஊரை விட்டுக் கிளம்பினே?"

அவள் சட்டையில் செய்னபு ந்தியாய் என்று பெயர் குத்தியிருந்தது. செனகலில் ந்தியாய் என்றால் மாலியில் ஜாரா. எல்லை தாண்டினால் பெயர்தான் மாறும், குலம் ஒன்றுதான். ஜாராவுக்கும் த்ராவொரேக்கும் ராஜாக்கள் காலத்திலிருந்து கேலி முறை. எங்கே பார்த்தாலும் ஒருவரை ஒருவர் வாரிவிட வேண்டும். கோபப்படக் கூடாது. வயது, பதவி எதுவும் குறுக்கே வராது. முக்கியமாக, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் போகக் கூடாது. போனால், அந்த வீட்டுக்கு வாய் செத்துவிட்டது என்று பொருள். பெற்ற மகன்கள்கூடத் தன் எதிரில் கால்மேல் கால் போடாதபடி வளர்த்த ஃபாமோரி, இந்த ஒரு விஷயத்தில் கடமை தவறியதே இல்லை.

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன்னை ஏன் கண்ணாடிக்குப் பின்னாடி அடைச்சு வெச்சிருக்காங்கன்னு இப்பத்தான் புரியுது. மூணு வேளையும் காராமணி தின்கிற வயிறு. வரிசையில நிக்கிற ஜனங்களும் மூச்சு விட வேண்டாமா?"

வரிசை குலுங்கியது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காவலாளி, தான் ஒரு ஜாப் என்றும், த்ராவொரேக்குச் செனகலில் அதுதான் பெயர் என்பதால் தான் த்ராவொரே கட்சி என்றும், அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டு ஃபாமோரியின் பக்கத்தில் வந்து நின்றான்.

செய்னபு விடவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்று பிரெஞ்சுக்கு மாறினாள். "இவனுக்கு விசா கிடையாது. எங்க பாட்டன் வீட்டு அரிசியைத் திருடித் தின்னுட்டு ஓடப் பார்க்கிறான். ஓடிப்போற அடிமையை எந்த நாடு உள்ள விடும்?"

அவளுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். விசா அதிகாரி. தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, விஷயம் மட்டும் புரியவில்லை.

அவர் ஃபாமோரியைத் தன் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். குளிரூட்டும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காட்டினார். ஃபாமோரி நின்றார். அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, பயப்படாதீங்க. இங்க உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அந்தப் பொண்ணோட குடும்பம் எத்தனை வருஷமா உங்களை வெச்சிருக்கு?"

ஃபாமோரி யோசித்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஒரு எழுநூறு வருஷம் இருக்கும்."

அதிகாரி எழுத ஆரம்பித்து நிறுத்தினார்.

கேலி முறையை ஃபாமோரி விளக்கிச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பல வருடம் கொடுமைப்பட்டவர்கள் இப்படித்தான் கொடுமைக்காரர்களுக்காகப் பேசுவார்கள் என்று தான் படித்திருப்பதாகச் சொன்னார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. ஃபாமோரியை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. செய்னபு சொன்ன அத்தனையையும்விட அந்தப் பார்வைதான் அவருக்கு எரிந்தது.

"ஒரு புகார் மட்டும் எழுதிக் கொடுங்க," என்றார் அதிகாரி. "அந்தப் பொண்ணை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன். உங்க விசா என் பொறுப்பு. ஜாமீன்கூட வேண்டாம்."

ஒரு தாளையும் பேனாவையும் மேசைமேல் தள்ளினார். நல்ல கனமான பேனா.

நாலு வரி எழுதினால் போதும். நாளைக்கே விமானம். பேரனின் காதில் ஃபாமோரி என்ற பெயர் விழும். எழுதாவிட்டால் சில்லா. அந்த ஆளின் ஆடு வேறு அவர் கண்முன்னால் வந்து நின்று தாடியை ஆட்டியது.

ஆனால் கேலி முறையில் சொன்னதை யாரும் அரசனிடம்கூடக் கொண்டுபோனது கிடையாது. கொண்டுபோகிற வீட்டோடு அதற்கப்புறம் ஒருத்தரும் கேலி பேச மாட்டார்கள். அவர் அப்பா செத்த அன்று ஒரு ஜாராக் கிழவி வந்து, பிணத்தின் தலைமாட்டில் இருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் போலவே காலைச் சாய்த்து நடந்து, வந்தவர்களையெல்லாம் அதட்டினாள். காபி ஏன் சூடாக இல்லை என்று அவர் அம்மாவைக் கேட்டாள். அழுது அழுது மயங்கிக் கிடந்த அம்மா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அப்பாவை எடுத்துப் போக முடிந்தது. தான் செத்தால் தன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்ள யாரும் வராமல் போவது, சில்லாவின் பெயரைவிடப் பெரிய கேடு.

பேனாவை அதிகாரியின் பக்கமே தள்ளிவைத்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னதுல ஒரே ஒரு பொய்தான் இருக்கு. அடிமை நான் இல்லை, அவதான்."

"அப்படின்னா அரிசி திருடினது?"

"அது நிஜம். என் பாட்டனுக்குப் பாட்டன். நல்ல அரிசின்னு சொல்வாங்க."

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புகாரும் இல்லை, ஜாமீனும் இல்லை, திருட்டை வேறு ஒப்புக்கொள்கிறீர்கள், இந்த விண்ணப்பத்தை நான் தள்ளுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார். கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று மணியடித்து செய்னபுவை வரச்சொன்னார்.

புகார்த்தாள் எடுத்த செய்தி அவளுக்கு ஏற்கெனவே எட்டியிருக்க வேண்டும். தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"மன்னிச்சிடுங்க பெரியவரே," என்றாள். "வயசைப் பார்க்காம பேசிட்டேனுங்க."

அன்று முழுவதும் வராத கோபம் ஃபாமோரிக்கு அப்போதுதான் வந்தது. ஒரு ந்தியாய் ஒரு த்ராவொரேயிடம் மன்னிப்புக் கேட்டால் அதுவரை பேசியதெல்லாம் நிஜ வசவாகிவிடும். அதிகாரி நினைத்ததே சரி என்றாகிவிடும். இவள் வேலையும் போகும், இரண்டு குலத்தின் மானமும் அதே கதவு வழியாகப் போகும்.

"யாரடி மன்னிப்புக் கேட்கிறது?" என்றார். "கோட்டுப் போட்ட ஆளைப் பார்த்ததும் காராமணி ஆறிப்போச்சா? உங்க பாட்டனும் இப்படித்தான். கும்பல் இருந்தாத்தான் வாய். தனியா மாட்டினா வாலைச் சுருட்டிக்குவான்."

செய்னபு தலையைத் தூக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை, அது அவர் வழக்கமும் இல்லை. ஆனால் தொப்பியை மறுபடி சரிசெய்துகொண்டு, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நிமிர்ந்து நிக்கிறான்னு ஏமாந்துடாதீங்க சார்," என்றாள் அதிகாரியிடம். "அது எங்க பாட்டன் அங்கி. துவைக்கக் கொடுத்ததைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். கசங்கினா உதை விழும்னுதான் காலையிலேர்ந்து உட்காராம நிக்கிறான்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குள் ஏதோ களைத்துப்போயிற்று.

"சரி. இவர் உன் ஆளுன்னே வெச்சுக்குவோம். இவர் திரும்பி வருவார்ங்கிறதுக்கு யார் பொறுப்பு?"

"வேற யாரு? நான்தான். அடிமை ஓடிப்போனா நஷ்டம் எனக்குத்தானே."

"அப்ப அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க," என்றார் ஃபாமோரி.

செய்னபு உள்ளூர்க் குடிமகள். மாதச் சம்பளக்காரி. அந்தச் சம்பளத்தைக் கொடுப்பதே இந்தத் தூதரகம்தான். அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஊழியர் ஜாமீன் போடக் கூடாது என்று எங்காவது இருக்கும் என்று நம்பித் தேடினார். இல்லை. ஜாமீன்தாரருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவு என்ற இடத்தில் எஜமானி என்று போடச் சொன்னாள் செய்னபு. அது முடியாது என்று அதிகாரி உறவினர் என்று எழுதினார். த்ராவொரேயும் ந்தியாயும் ஒரே குரலில் ஆட்சேபித்தார்கள். அவர்களை வெளியே அனுப்பினால் போதும் என்று அவர் முத்திரையைக் குத்தினார். திரும்பி வந்ததும் நேரில் வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. நோக்கம், சுற்றுலா. அந்த அவமானத்தை மட்டும் ஃபாமோரி வாயைத் திறக்காமல் விழுங்கினார்.

எட்டாம் நாள் சில்லாவின் ஆடுதான் அறுபட்டது. குழந்தையின் காதில் விழுந்தது ஃபாமோரியின் பெயர். சில்லா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, கறியை மட்டும் குறையில்லாமல் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் ஃபாமோரி டக்காரில் இறங்கி, அதே வரிசையில், அதே அங்கியில் நின்றார். கையில் ஒரு பை காராமணி. முறை வந்ததும் அதைக் கண்ணாடியின் அடிவழியாக உள்ளே தள்ளினார்.

"உன் தீனி. எண்ணிப் பார்த்துக்கோ. நான் ஜாராக் கூட்டம் இல்லை, வழியில எடுத்துத் தின்னலை."

"வந்துட்டியா? கட்டி வெச்ச கயிறு நல்ல கயிறுதான் போல," என்றாள் செய்னபு. பாஸ்போர்ட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். "பையன் பேரு?"

"ஃபாமோரி."

"நல்லது. வீட்டுக்கு இன்னொரு அடிமை. நடக்க ஆரம்பிச்சதும் அனுப்பி வை, அவனுக்கும் நானே ஜாமீன்."

வரிசை சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு அதிகாரி உள்ளேயிருந்து வந்தார். இதற்குள் அவர் ஊரோடு பழகியிருந்தார். நான்கு பேரிடம் விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டும் இருந்தார். ஃபாமோரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார்.

"என்ன பெரியவரே, திருடின அரிசியெல்லாம் செரிச்சுதா?"

வரிசை சட்டென்று ஓய்ந்தது. காவலாளி வெளியே எதையோ பார்க்கப் போய்விட்டான். ஃபாமோரி அந்தக் கையைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

"உங்க குடும்பப் பேரு என்ன?"

அதிகாரி சொன்னார்.

"அது ஜாரா இல்லையே."

"இல்லை."

"ந்தியாயும் இல்லை."

"இல்லை, நான் சும்மா..."

ஃபாமோரி அங்கியை உதறி நேராக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார்.

"அம்மா செய்னபு, அன்னைக்கு ஒரு புகார்த்தாள் இருந்துச்சே. அதை எடு."

செய்னபு எடுத்து நீட்டினாள்.

"பேனா வேணுங்களா பெரியவரே?" என்றாள்.