மூன்று அறை வாங்கினால் நான்கு

கலந்தர் வாங்கிய வீடுகளிலெல்லாம், உறுதிப் பத்திரம் எழுதிய மறுநாள் காலை ஓர் அறை கூடுதலாக இருந்தது. முதல் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில், தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற பொன்னையா மாஸ்டருடையது. 2015இல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கு வாங்கும்போது மூன்று அறை. மறுநாள் போய்த் திறந்தால் நான்கு. வெளியே அளந்தால் சுவர்கள் பழைய நீளம்தான். உள்ளே நூற்றிருபது சதுர அடி அதிகம். அந்த அறையில் ஆள் இல்லை. மாஸ்டரின் குரல் மட்டும் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது. கலந்தர் பெயின்ட் அடித்து, டைல் பதித்து, நான்கு அறை வீடென்று அறுபத்தெட்டுக்கு விற்றார். குரலைப் பற்றிக் கேட்டவர்களிடம், பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்றார்.

ஒன்பது வருடத்தில் பதினொரு வீடு. நாவுல வீட்டின் புது அறையில் ஒரு பெண் தாலாட்டினாள். ரத்தொட்டை வீதி வீட்டில் ஒருவர் விடாமல் யாரையோ ஏசினார். நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடத்திலும் வீட்டு விலை ஏறியது. மூன்றாவது வீட்டை வாங்கியிருந்த சமயம், மாத்தளை பஸ் நிலையத்தில் கலந்தர் மாஸ்டரைக் கண்டார். மாஸ்டர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

"கையெழுத்து வச்ச அன்னைக்கே அப்பாவுக்குப் பேச்சு நின்னுருச்சுங்க" என்றாள் கூட நின்ற மகள் நிரஞ்சனி. "கண்டி வரைக்கும் போய் காட்டியாச்சு. தொண்டையில ஒண்ணும் இல்லையாம்."

கலந்தருக்குப் புரிந்துவிட்டது. இஞ்சியும் தேனும் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அது அவர் போக வேண்டிய பஸ் அல்ல.

அவர் குடியிருந்த வீடு மனைவி ஸரீனாவின் பெயரில் இருந்தது. கல்யாணத்துக்கு அவளுடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. கத்தாரில் உழைத்துத் திரும்பிய, கலந்தரை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் ஸப்வான் அதற்கு இரண்டு கோடியே பத்து லட்சம் தருவதாகச் சொன்னான்.

"வாணாம்" என்றாள் ஸரீனா. "நீங்க எத்தன ஊட்டயும் வாங்குங்க, வில்லுங்க. இத மட்டும் வாணாம்."

தான் வாங்கினால்தான் அப்படி நடக்கும், இங்கே வாங்குகிறவன் வேறு ஆள் என்று கலந்தர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவர் விடாமல் நச்சரித்ததில், உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் ஸரீனா கையெழுத்திட்டாள். திரும்பும் வழியில் அவள் பேசவில்லை. கோபம் என்று நினைத்தார். புது வீட்டில் மூன்று நாளும் அப்படியே நினைத்தார். நான்காம் நாள் ஸப்வான் அவருக்குப் போன் பண்ணினான்.

"காக்கா, ஊட்டுல ஒரு ரூம் கூட ஈக்கி. மதினிட சத்தம் கேக்குது. ஒங்கள சாப்பிடக் கூப்பிடுறாங்க."

கலந்தர் போய் அந்த அறையின் நடுவில் நின்றார். ஸரீனாவின் குரல், சோறும் ஆணமும் ஆறுது, வாங்க என்றது. வந்துட்டேன் என்றார். வாங்க என்றது மறுபடி. வீட்டைத் திருப்பித் தரும்படி அன்றே கேட்டார். அந்த அறையோடு இப்போது மூன்று கோடி போகிறது என்றான் ஸப்வான். கையிலிருந்த இரண்டு வீடுகளை விற்று மூன்று கோடியோடு போனபோது விலை மூன்றே முக்கால் ஆகியிருந்தது. கலந்தர் வீதியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடம் அவள் பேசியதில் பாதியைக் காதில் வாங்காதது நினைவுக்கு வந்தது.

ஸப்வான் இரக்கப்பட்டு அந்த அறையை மட்டும் வாடகைக்குக் கொடுத்தான். கலந்தர் ஸரீனாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். வாசற்படியைத் தாண்டியதும் சுவரிலிருந்த குரல் நின்றது. அவள் ஒருமுறை இருமினாள்.

"மாஸ்டருக்கும் இப்படித்தானே?" என்றாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சிதானே ஈந்திச்சி?"

கலந்தர் தலையாட்டினார். மறுநாள் அலுவிகாரைக்குப் போய், அந்த வீட்டுக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மாஸ்டருக்கு அவருடைய அறையை வாடகைக்கு வாங்கிக் கொடுத்தார். பிறகு நாவுலவுக்குப் போனார். பதினொரு வீட்டுக்கும் போய் முடிக்க அந்த வருடம் சரியாக இருந்தது.

இப்போது மாத்தளையில் அது வழக்கமாகிவிட்டது. வீடு விற்றவர்கள் காலையில் தங்கள் பழைய வீடுகளுக்குப் போய், அந்த அறைக்குள் மட்டும் திரும்பும் குரலில் பேச வேண்டியதைப் பேசிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பஸ்ஸேறுகிறார்கள். விற்றவர் வந்து பேச ஓர் அறை உண்டு என்ற வரியை நொத்தாரிசுகள் யாரும் கேட்காமலே உறுதியில் சேர்த்துவிடுகிறார்கள். வாடகை வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் ஏறுகிறது.