பின்வாசல் ஊசி

அவள் தையல்காரி. தெருமுனையில் ஒரு மெஷினும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்துக் கடை நடத்தி வந்தாள். நோய் பரவி ஊரே வீட்டுக்குள் முடங்கியதில் கடைக்கு ஆள் வருவது நின்றது. நூலகத்தில் தடுப்பூசி போடப் போகிறார்கள், உதவிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் அவளாகவே போய் நின்றாள். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு.

"சும்மா உக்காந்து கொட்டாவி விடறதுக்கு, நாலு பேருக்கு நாற்காலியாவது எடுத்துப் போடலாமே" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நாற்காலியோடு வேலை நிற்கவில்லை. ஊசி போட வருகிற பெண்களில் பாதிப் பேர், முழங்கைக்கு மேல் ஏறாத இறுக்கமான கை வைத்த சட்டையில்தான் வந்தார்கள். நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தையல்காரி அவர்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், கைத் தையலைச் சரசரவென்று பிரித்துவிடுவாள். ஊசி போட்டுக்கொண்டு அவர்கள் மயக்கம் கியக்கம் வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் நின்று திரும்பத் தைத்துக் கொடுத்துவிடுவாள். அங்கே எல்லாரும் அவளை ஊசியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். கொழுந்தன் வைத்தது. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டதும், "கிருமி வருது, கிருமி வருது, எல்லாரும் ஒதுங்குங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பான். மாமியார் வாய்விட்டுச் சிரிப்பாள். புருஷன் கேட்காதது போல ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொல்லைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் அவள் உள்ளே வர வேண்டும். அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். துணி துவைக்கும் மெஷின் மேல் சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருக்கும். அங்கேயே நின்றுகொண்டு சாப்பிடுவாள். எச்சரிக்கையாக இருக்கட்டும், வீட்டில் வயசானவர் இருக்கிறாரே என்று முதலில் அவளும் சரி என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஆனால் அதே வீட்டிலிருந்து கொழுந்தன் தினமும் சீட்டாடப் போய் வந்தான். அவனுக்குக் குழாயும் இல்லை, தனித் தட்டும் இல்லை.

"அவன் ஆம்பள, போவான் வருவான்" என்றாள் மாமியார்.

"கிருமிக்கு ஆம்பள பொம்பள தெரியுமா அத்தை?"

"எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. நர்ஸுங்க கூடச் சேர்ந்து வாய் நீண்டு போச்சு."

தடுப்பூசி என்றாலே அந்த வீட்டில் ஏளனம்தான். கொழுந்தன் ஃபோனில் வருகிற வீடியோக்களைப் பார்த்துப் பாதி டாக்டராகியிருந்தான். "போட்டுக்கிட்டவன்லாம் என்ன ஆறான்னு பொறுத்திருந்து பாரு" என்பான். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனை மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அன்றோடு வீடியோக்கள் நின்றன. அதற்குள் மருந்து வரத்து குறைந்து, நூலக வாசலில் வரிசை தெருக்கோடி வரை நீண்டிருந்தது.

"எங்க எல்லாருக்கும் கொஞ்சம் எடுத்து வைக்க மாட்டியா?" என்று புருஷன் மெதுவாகக் கேட்டான்.

"அது என்ன எண்ணெயா, கிண்ணத்துல எடுத்து வைக்க? வரிசையில வாங்க. நானே நாற்காலி போடறேன்."

"சொந்த வீட்டுக்கு உதவாத சேவை என்ன சேவை?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நூலகத்தில் எல்லாவற்றையும் முன்நின்று நடத்துகிறவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மைக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். காலையில் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "அன்பார்ந்த மக்களே, ஒழுங்கா வரிசையில நில்லுங்க. இங்கே பெரியவர் சின்னவர் வித்தியாசம் கிடையாது" என்று நாள் முழுக்க முழங்குவார். பொறுப்பு டாக்டர் படித்து முடித்து வந்த புதுப் பையன். மைக்காரர் தோளில் கை போட்டால் நெளிவானே தவிர, எடுக்கச் சொல்ல மாட்டான்.

மருந்து தினமும் சீக்கிரமே தீர்ந்துபோனது. அப்படித்தான் மைக்கில் சொன்னார்கள். தீர்ந்துபோன செய்தியோடு திரும்பிப் போனவர்களில் குப்பை வண்டிக்காரியும் ஒருத்தி. விடிகாலையில் தெருத்தெருவாகக் குப்பை அள்ளிவிட்டு, வண்டியை ஓரமாக விட்டு அவள் வரிசைக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு போனாள். மூன்றாம் தடவை அவளுக்கு முன்னால் மூன்றே பேர் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மைக் கரகரத்தது. "அன்பார்ந்த மக்களே, இன்றைக்கு மருந்து தீர்ந்துவிட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி."

குப்பை வண்டிக்காரி நகரவில்லை. தையல்காரியைப் பார்த்துக் கேட்டாள்: "ஊசி போடாம வந்தா வேலை கிடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இங்க வந்தா தீந்து போச்சுங்கறீங்க. உங்க எல்லார் வீட்டு அழுக்கையும் நான்தானே அள்றேன்? என் முறை வரும்போது மட்டும் எப்படிம்மா தீந்து போகுது?"

"நாளைக்கு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று தையல்காரி முனகினாள். சொன்ன மறுகணமே அது எவ்வளவு உப்புச்சப்பில்லாத பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. அந்த அம்மாள் வண்டியை எடுக்கப் படியிறங்கினாள். மற்றவர்கள் இன்னும் கலையாமல் வாசலில் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள்.

நாற்காலிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு தையல்காரி பின்னால் போனாள். பழைய புத்தகங்கள் போட்டு வைக்கிற அறை அது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினாள். மைக்காரர் ஒரு விரற்கடை திறந்து பார்த்துவிட்டு, "அட, நீங்கதானா! சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

உள்ளே புத்தகக் கட்டுகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் புருஷன், மாமியார், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி. டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸம்மா முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"உங்க சேவைக்குச் சங்கம் செய்யற சின்ன மரியாதை" என்றார் மைக்காரர். "உங்க வீட்டுக்காரர் நேத்தே வந்து பேசிட்டார். உங்க பேரைச் சொன்னதும் நான் மறுப்பேனா?"

அவள் பேரை. கேட்கையிலேயே அவளுக்குக் காது மடல் சுட்டது.

கொழுந்தன் பெண்டாட்டி கையை நீட்டினாள். "நல்லவேளை வந்தே. இந்தக் கை ஏறவே மாட்டேங்குது. கொஞ்சம் பிரிச்சு விடு."

தையல்காரி அவளைப் பார்க்கவே இல்லை. நர்ஸிடம் கேட்டாள்: "இது தினமும் நடக்குதா?"

"தினமும்தான். நேத்து இவர் சம்பந்தி வீடு. முந்தாநாள் யாரோ கடை முதலாளி குடும்பம். நான் சொன்னா யாரு கேக்கறா? நீயும் ஒண்ணும் கேக்காம இருந்தியா, உனக்கும் தெரிஞ்சுதான் இருக்கும்னு நெனச்சேன்."

கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது அது. தையல்காரி நாற்காலிகளைத் தடாலென்று கீழே போட்டாள். அந்த அறையிலிருந்து பின்தெருவுக்குத் திறக்கிற கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். "ஏய், என்ன பண்றே?" என்று புருஷன் எழுந்தான். அவள் அவனைத் தாண்டிப் படிப்பறைக்கு ஓடினாள். மேஜைமேல் மைக் கிடந்தது. அன்றுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

"மருந்து தீரலை!" தன் குரல் தெருவில் எதிரொலிப்பது கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை. "பின்னாடி ரூம்ல இருக்கு. வரிசை அப்படியே பின்வாசலுக்கு வாங்க. யாரும் முந்தாதீங்க, அவங்கவங்க இடத்துலயே வாங்க!"

மைக்காரர் வந்து பிடுங்குவதற்குள் அவள் தெருவில் இருந்தாள். திருப்பத்தில் குப்பை வண்டி போய்க்கொண்டிருந்தது. "அக்கா, நில்லுங்கக்கா!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "வண்டியை விடுங்க. வாங்க."

திரும்பி வரும்போது பின்வாசலில் கூட்டம் நின்றிருந்தது. தள்ளுமுள்ளு இல்லை. நின்ற வரிசை நின்ற வரிசையாகவே திரும்பியிருந்தது. வாசலை மறித்துக்கொண்டு மைக்காரர், மைக் இல்லாமலே கத்திக்கொண்டிருந்தார். "இது சங்கத்தோட ஏற்பாடு! யாரும் தலையிடக் கூடாது!"

"எந்தச் சங்கம்? பின்வாசல் சங்கமா?" என்று ரொட்டிக் கடைக்காரர் கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மைக்காரர் ஒரு சுற்று இளைத்துப் போனார்.

நர்ஸம்மா ஊசியைத் தட்டில் வைத்தாள். "டாக்டர், குப்பியைத் திறந்தாச்சு. அஞ்சு பேருக்கு இருக்கு. யாருக்குப் போடணும்னு நீங்களே சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

டாக்டர் மைக்காரரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். "வரிசையில இருக்கறவங்களுக்கு" என்றான்.

கொழுந்தன் குதித்தான். "அண்ணி, சொந்தக்காரங்களத் தெருவுல வெச்சு மானத்த வாங்கறீங்களே!"

"கிருமிக்கு ஏதுடா சொந்தக்காரன்?" என்றாள் அவள். புருஷன் தலை குனிந்து வெளியே போனான். கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் பின்னாலேயே போனார்கள்.

மாமியார் மட்டும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓர் எட்டு வைத்து எழுப்பப் போன தையல்காரியைக் குப்பை வண்டிக்காரிதான் தடுத்தாள். "விடும்மா, வயசானவங்க. அவங்களுக்குப் போட்டா எனக்கொண்ணும் கொறஞ்சிடாது." வரிசையில் இருந்தவர்களும், "போடுங்க, போடுங்க, வயசானவங்கள எழுப்பிக்கிட்டு" என்றார்கள். மாமியார் ஊசி போட்டுக்கொண்டாள். விட்டுக்கொடுத்தவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அடுத்து வரிசையின் முதல் மூன்று பேர். கடைசி ஊசி குப்பை வண்டிக்காரிக்கு. சீருடையின் தொளதொளத்த கையைத் தூக்கிக் காட்டினாள். போட்டு முடித்ததும், "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். இவ்வளவுக்காகத்தானா அவளை இத்தனை தடவை அலைய விட்டார்கள் என்று தையல்காரிக்கு வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமியார் கையைத் தடவித் தடவி முனகினாள். "கை வலிக்குது. மருமகள் குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டா." புருஷன் சுவரைப் பார்த்துப் பேசினான். "எங்கிட்ட ஒரு வார்த்தை தனியாச் சொல்லியிருக்கலாம். ஊர் முன்னால எதுக்கு?"

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? என் பேரை எடுத்துட்டுப் போய் அந்த ஆள்கிட்ட நீட்டும்போது? நான் வீட்டுக்குள்ள வரக் கூடாது, என் தட்டு உள்ள வரக் கூடாது. என் பேர் மட்டும் உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் பின்வாசல் வழியா உள்ள போகலாமா?"

அவள் கொல்லைக் குழாய்க்குப் போகவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வெந்நீரில் ஆற அமரக் குளித்தாள். வெளியே வந்து சமையலறையில் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் ஒதுங்கு என்று சொல்லத் துணியவில்லை.

மறுநாள் மைக்காரர் அவளை வாசலிலேயே நிறுத்தினார். "உங்க உதவி இனிமே தேவையில்லை." உள்ளேயிருந்து நர்ஸம்மா வந்து, "அப்போ கைத் தையலை நீங்க பிரிச்சுத் தைக்கறீங்களா?" என்று கேட்டும் பலிக்கவில்லை. அதற்கு மேல் சண்டை போட அவளுக்கும் மனமில்லை. ஆனால் பின்வாசலுக்கு டாக்டரே பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டான் என்றும், காலை வேலைக்குப் போகிறவர்களுக்கென்று தினமும் ஒரு குப்பியை மதியத்துக்கு ஒதுக்குகிறான் என்றும் கேள்விப்பட்டாள். மைக்காரருக்குச் சங்கத்தில் சால்வை போர்த்திப் பாராட்டினார்கள் என்பதையும் கேள்விப்பட்டாள். அதைக் கேட்ட அன்று மெஷினை அவள் மிதித்த மிதியில் நூல் இரண்டு தடவை அறுந்தது.

சில நாள் கழித்துப் புருஷன் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வரிசையில உன்னைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தாங்க" என்றான்.

"என்ன பேசினாங்க?"

"அந்தம்மா இருந்திருந்தா இந்நேரம் வரிசை நகர்ந்திருக்கும்னு."

"அப்புறம்?"

அவன் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான். "அந்தம்மா புருஷன்தான் பின்வாசல்ல உக்காந்திருந்தானாம்னும் பேசினாங்க. நான் யாருன்னு சொல்லிக்கலை."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.