மாப்பிள்ளைக் காரில் ஒரு ரேடியோ

முகைதீன்பாவா பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் தொல்லையே. தெரிந்தவன் என்றால் தப்பிக்கக்கூடிய பொய்யாகப் பார்த்துச் சொல்லியிருப்பான். இவரோ காத்தான்குடியில் சம்பந்தி வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, வட்டிலப்பத்தில் பாதியைத் தின்றுவிட்டு, கூசாமல் சொல்லிவிட்டார்:

"எங்கட கார்ல ரேடியோ இரிக்கி."

அந்தக் காரில் ரேடியோ இல்லை. ரேடியோ கிடக்கட்டும், ஹோன்கூட இல்லை. ஆடு மாடு குறுக்கே வந்தால் முகைதீன்பாவாதான் தலையை வெளியே நீட்டிக் கத்துவார். மழை பெய்தால் கன்வஸ் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் குடை பிடிப்பார்கள். ஏறாவூரில் அதைக் கார் என்று மரியாதையாகச் சொல்லுகிறவர் அவர் ஒருவர்தான்.

பின்னே ஏன் அப்படிச் சொன்னார்? காரணம் இருந்தது. அவருடைய தங்கை கைறுன்னிஸாவின் மகன் ஹலீமுக்கு, புடைவை வியாபாரி மீராசாஹிபின் மகள் ஹிதாயாவைப் பேசி முடித்திருந்தார்கள். எல்லாம் நல்லபடி ஒத்து வந்தது. கடைசியில் மீராசாஹிப், "மாப்பிள்ளை நம்மட புதுக் கார்ல வரட்டும் சம்மந்தி. இப்பதான் கொழும்பில இரிந்து வந்திரிக்கி. முகம் பாக்கலாம், அப்பிடி மினுங்குது," என்று ஆசையாகச் சொன்னார். மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் முகைதீன்பாவாவுக்கு அது பொறுக்கவில்லை.

ஹலீம் தவழும் வயதில் அவனுடைய வாப்பா மௌத்தாகிப் போனார். அழுதுகொண்டிருந்த தங்கையிடம் அன்றைக்கே முகைதீன்பாவா சொன்னார்: "இவன்ட கலியாணத்தண்டைக்கி நான்தான் இவனைக் கூட்டிப் போவன், நீ பாரு." அப்போது அவரிடம் காரும் இல்லை, மாட்டுக் கரத்தையும் இல்லை. பிறகு வாங்கிய இந்தக் காரில் முதல் முதல் ஏறி உட்கார்ந்தது ஹலீம்தான். அந்தப் பிள்ளை மாப்பிள்ளைக் கோலத்தில் வேறொருவர் காரில் போவதா?

ரேடியோ என்றதும் மீராசாஹிபின் கண் விரிந்தது. "கார்லயா? ஓடக்குள்ளயும் பாடுமா?"

"பாடாமப் பின்ன!"

"அப்ப சரி. பாடிக்கிட்டு வந்தா ஒங்கட கார். பாடாட்டி ஊர் எல்லையில, நாவற்குடாவில நம்மட கார் நிக்கும். மாப்பிள்ளை அதில மாறி ஏறிரணும். பேச்சு பேச்சுத்தான்."

"பேச்சு பேச்சுத்தான்," என்றார் முகைதீன்பாவா. மிச்ச வட்டிலப்பத்தை அவர் தொடவில்லை.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிய காலம் அது. காம்பில் கிடந்த சாமானெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. வாகரைப் பக்கத்தில் பட்டாளத்துக் கூடாரத் துணியில் பாய் கட்டித் தோணி ஓட்டினார்கள். கிரானில் வயல் வட்டைக்குக் காவல் போகிறவர்கள் பட்டாளத்துச் சப்பாத்தோடு வரம்பில் நடந்தார்கள். அதே கிரானில் அழகரத்தினத்தின் வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது.

அழகரத்தினம் காம்பில் சமையல்காரன். வயர்லெஸ் காரர்களுக்குச் சோறு ஆக்கினவன். குசினி யன்னலால் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து, தனக்கும் அந்த வித்தை வந்துவிட்டதென்று முடிவு கட்டியிருந்தான். முகைதீன்பாவா போய் விஷயத்தைச் சொன்னதும் துள்ளி எழும்பினான்.

"இதென்ன பெரிய வேலை பாவா? கறிக்குத் தாளிக்கிற நேரத்தில பூட்டித் தாறன்."

சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, மறுநாளே ரேடியோவைக் கொண்டு வந்து இறக்கினான். பெட்டியை முகைதீன்பாவா சுற்றி வந்து பார்த்தார். ஒரு நெல் மரைக்கால் போல இருந்தது. காரின் முன்பலகையில் சில்லறைச் சாமான் போடும் தட்டை அரிந்து எடுத்தார்கள். போகவில்லை. பலகையில் பாதியை அரிந்தார்கள். அப்போதும் போகவில்லை. கடைசியில் பழைய டியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி, அதில் கட்டிப் பலகைக்குக் கீழே தொங்கவிட்டார்கள். அதனால் முன்னால் இருக்கிறவர் முழங்காலை நாடிக்கு முட்டுக் கொடுத்துத்தான் இருக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலை முகைதீன்பாவாவின் இடது முழங்காலில் இடித்துக்கொண்டே இருக்கும். இருக்கட்டும். மருமகனுக்காக ஒரு முழங்கால் போனால்தான் என்ன?

ஏரியலுக்கு ஒரு நீளத் தூண்டில் கம்பைச் முன் சில்லின் மட்கார்டில் நிமிர்த்திக் கட்டி, செப்புக் கம்பியைச் சுற்றினார்கள். அழகரத்தினம் சிவப்பு வயரை ஓரிடத்திலும் கறுப்பு வயரை ஓரிடத்திலும் முடிந்தான். பளீரென்று ஒரு பொறி. கொஞ்சம் புகை.

"அல்லாஹ்! எரிச்சுப் போட்டியே மச்சான்!"

"சும்மா இரிங்க பாவா. வெள்ளைக்காரனுக்கும் முதல்ல இப்பிடித்தான் புகைக்கும்," என்று சொல்லிவிட்டு, வயர்களை மாற்றி முடிந்தான்.

பெட்டி செருமியது. பிறகு கணீரென்று நாதஸ்வரம் கேட்டது. முகைதீன்பாவா அழகரத்தினத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். அடுத்த வளவுகளிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். கைறுன்னிஸா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்ன காக்கா, மாப்பிள்ளையைக் கோயிலுக்கா கொண்டு போறீக?"

"கலியாணத்துக்கு இதைவிட என்ன வேணும் கா?" என்றான் அழகரத்தினம், தானே வாசித்தவன் மாதிரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் கார் நின்ற இடம் சந்தையாகிவிட்டது. பற்றரி இறங்கினால் நாலு பேர் சுமந்துபோய் நெல் குத்தும் மில்லில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கார் என்ஜினை யாரும் தொடவில்லை. அப்போது பெற்றோல் பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான். கூப்பனுக்குக் கிடைத்த பெற்றோல் காத்தான்குடிக்குப் போகத்தான் காணும். ஒரு துளியை வீணாக்கவும் முகைதீன்பாவா விடவில்லை. பிசகு அங்கேதான் இருந்தது. ஆனால் அதை யார் கண்டார்?

கலியாண நாள். அஸர் தொழுதுவிட்டு, தலைப்பாகையும் கோட்டுமாய் ஹலீம் பின் சீட்டில் ஏறினான். கைறுன்னிஸா அவன் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். ரேடியோ பாடியது. அழகரத்தினம் முன்னால் போய் என்ஜினைக் கிளப்பும் கம்பியைச் செருகிச் சுற்றினான். என்ஜின் பிடித்தது.

கொர்ர்ர்ர்ர்.

நாதஸ்வரத்தைக் காணவில்லை. ஆயிரம் வண்டு பெட்டிக்குள் குடி வந்த மாதிரி ஓர் இரைச்சல். அழகரத்தினம் பாய்ந்து வந்து பெட்டியின் காதைத் திருகினான். கொர்ர்ர். என்ஜினை நிற்பாட்டினால் பாட்டு வந்தது. திரும்பவும் ஓட்டினால், கொர்ர்ர்.

"என்ன மச்சான் இது?" முகைதீன்பாவா பெட்டியில் தட்டினார்.

அழகரத்தினம் தலையைச் சொறிந்தான். "காம்பில ரேடியோ மேசையிலதானே இரிந்தது பாவா. மேசைக்கு என்ஜின் இல்லையே."

திருத்த நேரமில்லை. நிக்காஹுக்கு அங்கே எல்லாரும் பார்த்திருப்பார்கள். ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, அழகரத்தினத்தையும் முன்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். மட்டக்களப்பு டவுன் போயிற்று. கல்லடிப் பாலம் தடதடவென்று ஆடியது. கீழே வாவியில் வலை போட்டிருந்தவர்கள் கை காட்டினார்கள். முகைதீன்பாவா எதையும் பார்க்கவில்லை.

"மாமா, ரேடியோவைப் போடல்லையா?" என்றான் ஹலீம்.

"அங்க போய்ப் போடுவம் மனே. இப்பவே போட்டா அது களைச்சிரும்," என்றார் அவர். சொல்லும்போதே அழுகை வந்தது.

நாவற்குடாவில் புதுக் கார் வெயிலில் தகதகவென்று நின்றது. மீராசாஹிப் பெரிய கூட்டத்தோடும், கம்பு தட்டி ஆடும் பொல்லடிக்காரரோடும் காத்திருந்தார். முகைதீன்பாவா என்ஜினை நிற்பாட்டி, மனதுக்குள் பிஸ்மி சொல்லி, காதைத் திருகினார். பாட்டு தெளிவாக எழும்பியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"அடேயப்பா!" மீராசாஹிப் கைகொட்டினார். "நான் நம்பல்ல சம்மந்தி, உள்ளதைச் சொல்றன். சரி, நீங்க முன்னுக்குப் போங்க. நான் என்ட கார்ல பின்னால வாறன்."

வேறு வழியில்லை. அழகரத்தினம் கம்பியைச் சுற்றினான். கொர்ர்ர்ர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மீராசாஹிபுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் கதவடிக்கு வந்து நின்றார்.

"என்ன சம்மந்தி செய்யிற? பேச்சு பேச்சுத்தானே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை இறங்குவதற்குப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

முகைதீன்பாவா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டார். தங்கைக்குக் கொடுத்த வாக்கு இவ்வளவு தூரம் வந்து, ஊர் எல்லையில் கவிழ்ந்துவிட்டதே!

ஹலீம் இறங்கவில்லை. அதிர்ந்து பேசாத பிள்ளை அவன். திறந்த கதவை உள்ளே இருந்தபடியே இழுத்துச் சாத்தினான்.

"பாடிக்கிட்டு வரணும் எண்டுதானே மாமா பேச்சு?" என்றான் மீராசாஹிபைப் பார்த்து. "என்ஜின் ஓடணும் எண்டு ஆரும் பேசல்லையே. இவ்வளவு ஆக்கள் நிக்கிறாக. தள்ளினா வராதா?"

மீராசாஹிப் அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ட மருமகனுக்கு மூளை இரிக்கிடா! தள்ளுங்கடா!"

அழகரத்தினம் முதல் ஆளாய்ப் பின்னால் போய்த் தோள் கொடுத்தான். முகைதீன்பாவா என்ஜினை நிற்பாட்ட, இளந்தாரிகள் மொய்த்துக்கொண்டார்கள். கார் ஆடி அசைந்து நகர்ந்தது. நாதஸ்வரம் பாடியது. முன்னால் பொல்லடி, இரண்டு பக்கமும் பைத்துப் பாட்டு, வேலிக்கு வேலி பெண்களின் குரவை. மாப்பிள்ளை ஊர்வலம் எப்படியும் நடைவேகத்தில்தானே போகும்? என்ஜின் எதற்கு? இதுவரை எந்த மாப்பிள்ளையும் இவ்வளவு கைகள் தாங்கி வந்ததில்லை. முகைதீன்பாவா நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினார்.

பள்ளிவாசல் வளைவில் அவர் முழங்காலுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. முழங்காலோடு ஒட்டி அதிர்ந்துகொண்டிருந்த பெட்டி அதிரவில்லை. எட்டிப் பார்த்தார். உள்ளே எரிந்த சின்ன வெளிச்சமும் இல்லை. காலையிலிருந்து ஊரே கேட்டுக் கேட்டுப் பற்றரி தீர்ந்துவிட்டது.  பின்னால் புதுக் கார் ஊர்ந்து வருகிறது. மீராசாஹிப் அறிந்தால் இந்த இடத்திலேயே மாப்பிள்ளையைக் கார் மாற்றிவிடுவாரே! ஆனால் பைத்தும் பொல்லடியும் குரவையும் போட்ட சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவரும் ஒன்றும் தெரியாதவர் போல வளைத்துக்கொண்டு போனார்.

பந்தல் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் அவர் பக்கத்து யன்னலைத் திரும்பிப் பார்த்தார். கதவில் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் மீராசாஹிப். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. பட்டுச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் வந்த புதுக் காரில் டிரைவரைத் தவிர யாரும் இல்லை.

மீராசாஹிப் தலையை உள்ளே நீட்டி, அவர் காதோடு சொன்னார்:

"சம்மந்தி, ஒங்கட பெட்டி பள்ளி வளைவிலயே நிண்டுட்டுது. நான் பாத்துக்கிட்டுத்தான் வாறன். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க, பொடியனுகள் தள்ளிறதை நிப்பாட்டிருவானுகள்."

முகைதீன்பாவாவுக்கு வந்த சிரிப்பில் கண் மறைந்துவிட்டது. கார் நேரே போய்ப் பந்தல்காலில் மோதி, தோரணமெல்லாம் மாப்பிள்ளையின் மேலே சரிந்தது. உள்ளே பெண்கள் குரவை போட்டார்கள். அவரே இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, தோரணத்தை விலக்கி, மருமகனின் கையைப் பிடித்து இறக்கினார்.