காற்று போட்டபடி

மினி லாரியிலிருந்து இறங்கிய எட்டுப் பேரும் கையிலிருந்த மண்வெட்டியையும் கயிற்றையும் மறந்து அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரே முப்பதடி அகலத்துக்கு ஒரு தடம். அதற்குள் ஒரு மாமரம்கூட நிற்கவில்லை. தடத்துக்கு வெளியே மாங்காய் கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நின்ற தென்னை, ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி நடுவில் திருகிக்கொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து நேராக வந்த தடம், முனிலட்சுமியின் வீட்டை மிதித்துவிட்டு ஏரிக்குள் இறங்கியிருந்தது.

"யப்பா" என்றான் சுரேந்தர். பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன், எதையும் நக்கலடிக்காமல் விடமாட்டான். அவனே போய்த் திருகிய தென்னையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

முனிலட்சுமி போச்சம்பள்ளி கம்பெனியில் இவர்களோடு ஒரே ஷிப்டில் நிற்கிறவள். பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட். வெள்ளிக்கிழமை அவள் கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காற்று வந்தது. மகள் லாவண்யா லீவுக்குக் கல்லாவியில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில். வீட்டில் ஆள் இல்லாததால் உயிர் தப்பியது. சனிக்கிழமை பஸ்ஸில் அவள் ஏறவில்லை என்றதும் விஷயம் லைன் முழுக்கப் பரவி, ஞாயிறு லீவில் இவர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. லாரிக்காரர்கூட டீசல் மட்டும் போதும் என்றார்.

"காத்துன்னு சொல்றாங்க. நான் பாத்தது காத்து இல்ல சாமி" என்றார் பக்கத்து வீட்டு சம்பங்கி. "கறுப்பா ஒரு தூணு. நடந்து வந்துச்சு. ரெண்டு நிமிசம்கூட இருக்காது. என் வீட்டுக் கொடியில காயப்போட்ட லுங்கி ஆடவே இல்ல."

சம்பங்கியின் வீடு இருபதடி தள்ளித்தான். ஓடு ஒன்றுகூட விலகவில்லை. முனிலட்சுமியின் வீட்டிலோ தகரக் கூரை மொத்தமும் போய், மேற்குச் சுவர் விழுந்து, பீரோ ஏரிக்கரையில் குப்புறக் கிடந்தது. ஆனால் அடுப்பு மேடையில் மூடியில்லாத சர்க்கரை டப்பா அப்படியே இருந்தது. ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை. லாரியில் வந்த ப்ரீதா அதைப் போனில் படம் எடுத்தாள். பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள்.

"மத்தியானம் வி.ஏ.ஓ. வர்றாருண்ணா" என்றாள் முனிலட்சுமி. இரண்டு நாளாக அழுது அவள் குரல் தேய்ந்து போயிருந்தது. "பாத்துட்டு முழு சேதம்னு எழுதினாருன்னா கவர்மெண்ட்டு வீட்டு லிஸ்ட்ல பேரு ஏறுமாம். பகுதி சேதம்னு எழுதிட்டாருன்னா அவ்ளோதான். இந்தத் தகரத்துக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான்."

லைன் லீடர் அற்புதராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டார். "அப்ப ஆபீசர் வர்றதுக்குள்ள எடத்த ரெடி பண்ணிரணும். ஆடிட் வந்தா லைன் எப்படி இருக்கும்? அப்படி இருக்கணும்."

இதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. அத்தனை பேரும் வருஷத்துக்கு நாலு ஆடிட் பார்த்தவர்கள். கையில் ஃபைலோடு ஒருவர் வருகிறார் என்றால் தரை பளபளக்க வேண்டும், ஒவ்வொரு சாமானும் அதன் கோட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டு விழும். முனிலட்சுமியும் தலையாட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சம்பங்கி வேலி ஓரம் நின்று வாயைப் பிளந்து பார்த்தார். கத்தல் இல்லை, ஓட்டம் இல்லை. எட்டுப் பேரும் லைனில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டார்கள். முழுச் செங்கல் ஒரு பக்கம், அரைச் செங்கல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று கைமாறிக் கைமாறிப் போனது. மாந்தோப்பிலிருந்து பதினாலு தகர ஷீட்டையும் தேடிக் கொண்டுவந்தார்கள். ஒன்று மரத்தில் வேட்டி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. சுரேந்தர் ஒவ்வொன்றையும் பாறையில் போட்டு, சாக்கு விரித்து, சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினான். அவன் தட்டுவதில் ஒரு அடி வீணில்லை. வளைந்த பைப்புகளை நிமிர்த்தி, மேற்கே ரெண்டு சவுக்குக் கம்பை நட்டு முட்டுக் கொடுத்தார்கள். ப்ரீதாவும் மற்றப் பெண்களும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள், துணியை அலசிக் காயவைத்து மடித்தார்கள், அரிசியில் கலந்த மண்ணைச் சலித்து எடுத்தார்கள். விழுந்த சுவர் இருந்த இடத்தில் செங்கல்லைச் சாந்தில்லாமலே இடுப்புயரத்துக்கு அடுக்கி, அதற்கு மேல் தார்ப்பாய் கட்டினார் அற்புதராஜ். நூல் பிடித்துப் பார்த்தார். கால் அங்குலம் விலகல். பிரித்து மறுபடி அடுக்கினார்.

"அண்ணா, எக்ஸ்போர்ட் பண்ணப் போறீங்களா?" என்று சுரேந்தர் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். முனிலட்சுமியும் சிரித்தாள்.

ரெண்டு மணிக்குக் கூரை ஏறிவிட்டது. முனிலட்சுமி உள்ளே போய் நடுவீட்டில் நின்று மேலே பார்த்தாள். இவர்களோடு பதினோரு வருஷம் நின்றிருக்கிறாள், இந்தக் கைகள் இவ்வளவு செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

மூணரைக்கு வி.ஏ.ஓ. பைக்கில் வந்தார். முழங்கால் வரை சேறு, சாப்பிடாத முகம். வாசலில் வண்டியை நிறுத்தி வீட்டைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், மறுபடி வீட்டைப் பார்த்தார்.

"இதுவா முனிலட்சுமி வீடு? கூரை இருக்குதேம்மா."

"இவங்க போட்டது சார். என்கூட வேல செய்றவங்க. காலையில ஒண்ணும் இல்ல."

ப்ரீதா ஓடிப்போய்த் தன் போனில் இருந்த படங்களைக் காட்டினாள். வி.ஏ.ஓ. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நான் நம்பறேம்மா. இந்தப் போன்ல இருக்கற கவர்மெண்ட்டு ஆப்பு நம்பாது. பழைய போட்டோ எதுவும் ஏத்த முடியாது. இங்க நின்னு, இப்ப எடுத்தாத்தான் எடுத்துக்கும்."

"நீங்க கண்ணால பாத்தேன்னு எழுதலாமே சார்" என்றார் அற்புதராஜ்.

"நான் எழுதறத யாருங்க படிக்கறாங்க? போட்டோவத்தான் பாப்பாங்க. இப்ப எடுத்தா பகுதி சேதம். இன்னிக்கி ஆறு மணியோட ஆப்பும் க்ளோஸ்." ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "கீழத்தெருவுல ஆறு வீடு பாக்கி இருக்குது. முடிச்சுட்டு இந்த வழியாத்தான் திரும்புவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவர் சொல்லாமல் விட்டது எல்லோருக்கும் விளங்கியது. அற்புதராஜ் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். "என் தப்பும்மா. ஆடிட்டு ஆடிட்டுன்னு நான்தான்."

"நானுந்தானண்ணா தலையாட்டினேன்" என்றாள் முனிலட்சுமி. நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "எறக்கிருங்க."

ஏற்ற ஆறு மணி நேரம் ஆனது அரைமணியில் இறங்கியது. முதல் நட்டைச் சுரேந்தர்தான் கழற்றினான். ஷீட்டை ஒருவர் நீட்ட ஒருவர் வாங்கி, கீழே வைத்தார்கள். செங்கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்கள். தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டினார்கள். மலைப்பக்கம் மேகம் திரண்டு கறுத்துக்கொண்டு வந்தது.

அஞ்சு மணி தாண்டி வி.ஏ.ஓ. திரும்பி வந்து போனைத் தூக்கிப் பிடித்தார். உடனே கீழே இறக்கினார்.

"என்னங்க இது, குடோன்ல ஸ்டாக் வெச்ச மாதிரி? காத்து போட்ட மாதிரி இல்லயே."

அப்போதுதான் அவர்களும் பார்த்தார்கள். பதினாலு ஷீட்டும் விளிம்போடு விளிம்பு பொருந்தி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. செங்கல் அஞ்சஞ்சாக நின்றது. கலைக்கப் போன கைகள் தம் பாட்டுக்கு அடுக்கியிருந்தன.

சுரேந்தர் ஒரு ஷீட்டை இழுத்துப் பாறையில் சாய்த்து உதைத்தான். நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது, அவ்வளவுதான். ஏறி மிதித்தான், சுத்தியலால் அறைந்தான். மரத்தில் சுற்றிக்கொண்டு கிடந்த அந்தச் சுருள் வரவேயில்லை. இருநூறு டன் பிரஸ்ஸுக்கும் வராது என்று அவனுக்குத் தெரியும். அற்புதராஜ் செங்கல்லைக் காலால் தள்ளினார். அது போய் ஒழுங்காக ஒரு மூலையில் நின்றது. ரெண்டு நிமிஷத்தில் அந்தத் தூண் செய்ததில் ஒரு பங்குகூட எட்டுப் பேரால் செய்ய முடியவில்லை. அவர்களுக்கு அதன்மேல் பயமும் மரியாதையும் ஒன்றாக வந்தது.

முனிலட்சுமி எழுந்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை அள்ளிச் சேற்றில் வீசினாள். மடித்து வைத்த துணியை உதறி உதறி நாலா பக்கமும் எறிந்தாள். அரிசி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ப்ரீதா "அக்கா, வேணாங்க்கா" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள். முனிலட்சுமி உதறிவிட்டுப் போய், நின்றிருந்த செங்கல் வரிசையைத் தோளால் முட்டித் தள்ளினாள். மூச்சு வாங்க நடுவீட்டில் வந்து நின்றாள்.

"இப்ப எடுங்க சார்."

வி.ஏ.ஓ. எடுத்தார். பெருமூச்சு விட்டார். "சரியா விழுந்திருக்குது. முழு சேதம் போட்டுட்டேன். ஆனா போட்டோ ஏறணும். வெள்ளிக்கிழமையிலேருந்து டவர் வேற வீக்கு. ஏறலன்னா திரும்ப எடுக்கணும், அதனால யாரும் எதையும் தொட்டுராதீங்க. நீயும் அங்கயே நில்லும்மா."

திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது, அதன் நடுவில் எத்தனை சதவீதம் ஏறியது என்று எண் ஓடியது. அவர் ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார்.

பெரிய பெரிய துளியாக மழை இறங்கியது. எட்டுப் பேரும் தார்ப்பாயை விரித்து ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார்கள். கால்மணி நேரத்தில் அந்தத் தார்ப்பாயை அவள் தலைக்கு மேல் கட்டிவிடக்கூடியவர்கள், ஒரு அடி முன்னே வைக்கவில்லை. முனிலட்சுமி நின்ற இடத்திலேயே நனைந்தாள். அவள் காலடியில் அரிசி ஊறிச் சேற்றோடு நகர ஆரம்பித்தது.

"எவ்ளோ சார் ஏறியிருக்கு?" என்று ப்ரீதா கத்திக் கேட்டாள்.

வி.ஏ.ஓ. தானும் நனைந்துகொண்டு, போன் நனையாமல் அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார்.