நீலப் பெட்டி ஃபில்டர்

மெக்கானிக் தணிகாசலம் அண்ணன் என் பைக்கின் அடியிலிருந்து பழைய ஆயில் ஃபில்டரை உருவி எடுத்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்க வேண்டிய காகிதம் ஊறிச் சப்பையாகி, ஒரு பக்கம் கிழிந்தே போயிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் அதை மாட்டியவரும் அவர்தான். எந்தக் கம்பெனிப் பெட்டி என்று கேட்டேன். ஏதோ ஒரு பெட்டி, வெளி மார்க்கெட் சரக்கு எல்லாமே ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் ஒன்றாம். யாரிடம் சொல்கிறார் பாருங்கள். ஒரகடத்தில் ஆயில் ஃபில்டர் செய்யும் கம்பெனியில் மூன்று வருடமாக நான் செக்கர். லைனின் கடைசியில் நின்று, வந்து விழும் ஒவ்வொரு ஃபில்டரையும் கையில் எடுத்துப் பார்ப்பேன். நல்லதென்றால் பச்சை டிரே, இல்லையென்றால் சிவப்பு டிரே. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு. ரப்பர் வளையம், ஸ்பிரிங், காகித மடிப்பு எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக மேல் மூடியைக் கட்டைவிரலால் அழுத்தித் திருகுவேன். பசை காய்ந்திருந்தால் மூடி அசையாது. ‘ரிஜெக்ட் ராணி’ என்று லைனில் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள், நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவளின் பைக்கில் நாலு மாதமாக இந்தக் குப்பை ஓடியிருக்கிறது.

பைக் கெட்டால் என் வேலையும் கெடும். இந்த மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் ஆட்களில் ஆறு பேரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஆனால் பைக் வழியில் நின்றுபோய் ஏற்கெனவே இரண்டு நாள் லேட். மூன்றாவது லேட் விழுந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் திருமலை சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் ஒரகடம் போய்ச் சேர எனக்கு இந்த பைக்கை விட்டால் வேறு நாதியில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஆறு மணிக்குள் நான் பஞ்ச் பண்ணியாக வேண்டும். பைக்கோ ஆயிலெல்லாம் வடிக்கப்பட்டு, வயிறு திறந்து கிடக்கிறது.

தணிகாசலம் அண்ணன் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பிரித்து ஃபில்டரை நீட்டினார். ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தினேன். காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன். இன்னொன்றைக் கொடுத்தார். அதில் காகித மடிப்பு ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் விரிந்தும் இருந்தது. அதுவும் வேண்டாம் என்றேன்.

“இன்னாம்மா, ஃபில்டர் வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?” என்றார்.

மாப்பிள்ளை பார்க்கும்போது இவ்வளவு பார்த்திருந்தால் என் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, அவருடைய மொபெட் சாவியை வாங்கிக்கொண்டேன். பின்பிரேக் மட்டும்தான் பிடிக்கும், பார்த்துப் போ என்றார். ஊரார் வண்டிக்கெல்லாம் பிரேக் சரிபார்க்கிற மெக்கானிக்கின் வண்டி லட்சணம் இது.

ஷோரூம் ஞாயிற்றுக்கிழமை திறக்காது, பைக் கம்பெனியின் ஒரிஜினல் கிடைக்காது. வெளி மார்க்கெட்டில் எனக்கு நம்பிக்கையானது ஒன்றே ஒன்றுதான், நீலப் பெட்டி. அது எங்கள் லைனில் செய்வது. காலையில் பைக் கம்பெனிக்கு, மதியத்துக்கு மேல் நீலப் பெட்டிக்கு. மெஷின் ஒன்றே, ஆட்களும் ஒன்றே. பெட்டியில் எங்கள் பெயர் இருக்காது. மூடியின் ஓரத்தில் மட்டும் தேதி, ஷிஃப்ட், செக்கர் நம்பர் மூன்றையும் சின்னதாகக் குத்தியிருப்போம். என் நம்பர் பதினேழு. நீலப் பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்று சர்ச் வாசலில்கூடச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான்.

ஸ்ரீபெரும்புதூரில் முதல் கடைக்காரர் நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. மாடல், வருடம், ஃபில்டரின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டில் ஆம்பளை யாராவது இருந்தால் போன் போட்டுக் கொடும்மா, என்ன வண்டி என்று கேட்டுக்கொள்கிறேன் என்றார். அவர் வாயிலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது. இரண்டாவது கடையில் மஞ்சள் பெட்டிதான் இருந்தது. மஞ்சள் பெட்டி எங்கள் போட்டிக் கம்பெனி. அதைப் பற்றி எங்கள் லைனில் நல்லதாக ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது கடையில் நீலப் பெட்டியே இருந்தது. ஆசையாகத் திறந்தால் உள்ளே வேறேதோ வண்டியின் ஃபில்டர். யாரோ வாங்கி, மாற்றிப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். கடைக்காரருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அளவு கொஞ்சம்தான் வித்தியாசம், தட்டி உட்கார வைத்துவிடலாம் என்றார்.

என் வீட்டுக்காரர் ஜோவுக்குப் போன் போட்டேன். அவருக்கு அன்று அவர் கம்பெனியில் ஓவர்டைம். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. “ஒரு ஃபில்டருக்கா இவ்ளோ அலையுற? ஏதோ ஒண்ண மாட்டிக்கினு வூட்டுக்குப் போடி” என்றார். போனை வைத்துவிட்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

தண்டலத்தில் காலேஜுக்குப் போகும் ரோட்டு முனையில் ஒரு ஸ்பேர்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று ஞாபகம் வந்தது. பெங்களூர் ரோட்டில், மண்டை பிளக்கிற வெயிலில், லாரிகள் பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்க அடிக்க, பின்பிரேக்கை மட்டும் நம்பி அந்த மொபெட்டை ஓட்டினேன். கடைக்காரர் ராஜாமணி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீலப் பெட்டி இருக்கிறதா என்றேன். இடது கையாலேயே மேல் தட்டைக் காட்டினார். ஒரு அட்டைப் பெட்டியில் மூன்று மீதி இருந்தன.

எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வளையம் மெத்தென்று இருந்தது, மடிப்பு சீராக இருந்தது. மூடியின் ஓரத்தில் பதினேழு. நானே பார்த்து அனுப்பிய ஃபில்டர். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த தேதியைப் படித்தேன். ஆகஸ்ட் பன்னிரண்டு, பி ஷிஃப்ட்.

அந்த நாள் எனக்குத் தெரியும். அந்த வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட். மதியம் கரன்ட் போய்ப் பசையைக் காய வைக்கிற அடுப்பு ஆறிவிட்டது. திரும்பச் சூடேறுவதற்குள் அறுநூறு ஃபில்டர் அரைகுறையாகக் காய்ந்து வெளியே வந்துவிட்டது. அத்தனையையும் சிவப்பு டிரேயில் அடுக்கினேன். கேட்டில் லாரி நின்றுகொண்டிருந்தது. திருமலை சார் வந்தார். கத்தவெல்லாம் இல்லை, அன்பாகத்தான் பேசினார். “இது பைக் கம்பெனிக்குப் போறது இல்லம்மா, வெளி மார்க்கெட்டு. கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தானா காஞ்சிடும்” என்றார். பெர்மனென்ட் பட்டியலை அடுத்த மாதம் ஆபீசில் கேட்கிறார்கள், உன் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னார். அறுநூறையும் என் கையாலேயே சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறும் இறங்கியது, தூக்கமும் வந்தது. நாலு நாளில் மறந்தும்விட்டேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கடைக்காரர் முன்னாலேயே கட்டைவிரலை வைத்து மூடியைத் திருகினேன். மூடி வழுக்கிக்கொண்டு சுற்றியது. கொஞ்சம் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

“இன்னாக்கா, சரக்க உடச்சிட்டு நிக்கிற?” என்று எழுந்தார் ராஜாமணி.

பசை காயவில்லை, அப்போதே காயவில்லை, இனிமேலும் காயாது என்றேன். கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற தனக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“பதினேழுன்னு போட்டுகீது பாருங்க. அது நான்தான்.”

மூடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். என்னையும் பார்த்தார். “அப்போ நல்லாகீதுன்னு அனுப்புனதும் நீ, இப்ப வேணான்றதும் நீயா?” என்றார்.

காலையிலிருந்து நாலு பேரிடம் வாய் ஓயாமல் சண்டை போட்டவள் நான். இந்த அட்டைப் பெட்டியிலிருந்து விற்ற ஃபில்டர்கள் யாருக்குப் போயின என்று மட்டும் கேட்டேன். பத்துப் பீஸ் வந்தது, ஏழு விற்றுவிட்டது என்றார். பெயர், விலாசம் வாங்கிக்கொண்டா யாரும் ஃபில்டர் விற்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார். அதிகமும் காலேஜ் பையன்கள், சனிக்கிழமையானால் வேலூர், ஆம்பூர் என்று ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் என்றார்.

மூடி கழன்றால் காகிதம் பிய்ந்துபோய் ஆயில் போகும் வழியை அடைக்கும். ஆயில் போகாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். பெங்களூர் ரோட்டில் ஒரு வண்டி அப்படி நின்றால் என்ன ஆகும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். வந்த வழியில் என்னை உரசிக்கொண்டு போன லாரிகள் கண்ணுக்குள் வந்தன. ஏழு பையன்கள். இந்த ஒரு கடையில் மட்டும்.

மூன்று நீலப் பெட்டியையும் வாங்கிப் பையில் போட்டேன். எனக்கு ஒரு ஃபில்டர் இன்னும் வேண்டியிருந்தது. ராஜாமணியிடம் மீதி இருந்தது மஞ்சள் பெட்டிதான். பிரித்துத் திருகினேன். அசையவில்லை. மறுபடி திருகினேன், விரல்தான் சிவந்தது. மூடியின் ஓரத்தில் நாலு என்று குத்தியிருந்தது. அந்தக் கம்பெனியில் நாலாம் நம்பர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஆளின் பக்கத்திலும் யாராவது வந்து நின்று அன்பாகப் பேசியிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே அதையும் வாங்கினேன்.

தணிகாசலம் அண்ணன் மஞ்சள் பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார். இதற்கா இவ்வளவு நேரம் என் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றினாய் என்று கேட்டார். மாட்டுங்கண்ணா என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்து மாட்டினார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பஞ்ச் பண்ணிவிட்டேன். பைக் வழியில் ஒரு இருமல்கூட இருமவில்லை. எங்கள் கேட்டில் வெளியே போகிற பையைத்தான் செக்யூரிட்டி சோதிப்பார், உள்ளே வருகிற பையைப் பார்ப்பதில்லை. திருமலை சார் லைன் பக்கத்து மேசையில் உட்கார்ந்து முந்தின நாள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கையோடு மூடி கழன்ற ஃபில்டரை அவர் நோட்டின் மேலேயே வைத்தேன். ஒரே கடையில் ஏழு போயிருக்கிறது, அறுநூறையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றேன்.

அவர் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மூடியின் ஓரத்தைப் படித்தார்.

“நம்பர் உன்னுதுதானேம்மா?”

அவர் இதைத்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தானே சொன்னீர்கள், லாரி நிற்கிறதென்று நீங்கள்தானே அவசரப்படுத்தினீர்கள் என்று வழியெல்லாம் எனக்கு நானே பேசிப் பழகிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் அவர் என்னைத் திட்டவும் இல்லை, கையைப் பிடித்துத் தள்ளவும் இல்லை. அன்றைக்கும் அப்படித்தான். டிரேயை மாற்றியது என் கை.

“ஆமா சார். என்னுதுதான்.”

ஃபில்டரையும் மூடியையும் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். பட்டியல் புதன்கிழமைதான் மேலே போகிறது, குழப்பிக்கொள்ளாமல் லைனுக்குப் போ என்றார். நான் போய் என் இடத்தில் நின்றேன். பத்து மணி வரைக்கும் ஒவ்வொரு மூடியையும் திருகினேன். சிவப்பு டிரேயில் பதினொன்று விழுந்தது. அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

நான் வாங்கியது மூன்று. அவரிடம் கொடுத்தது ஒன்று. டீ டைம் மணி அடித்ததும் எல்லோரும் கேன்டீன் பக்கம் போனார்கள். நான் சாப்பாட்டுப் பையிலிருந்து மற்ற இரண்டு நீலப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு குவாலிட்டி மேனேஜர் இருக்கும் மாடிக்கு ஏறினேன். பெர்மனென்ட் ஆனதும் ஜோவும் நானும் வாங்குவதாகப் பேசி வைத்திருந்த ஃபிரிட்ஜ்கூட ஞாபகம் வந்தது.

கதவைத் தட்டினேன். மேனேஜர் அம்மா நிமிர்ந்து, என்ன விஷயம் என்று கேட்டார். திருமலை சார் பெயர் வாய் வரைக்கும் வந்தது. அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று, முதலில் என் நம்பரைச் சொன்னேன்.