வியாழக்கிழமை சொன்ன கதை

ஷால்மலிக்கு வியாழக்கிழமைமேல் அப்படியொரு நம்பிக்கை. அவள் ஊர் காம்காவ். பஸ் ஏறி ஒரு குட்டித்தூக்கம் போடுவதற்குள் சேகாவில் கஜானன் மகராஜ் என்ற மகானின் கோயில் வந்துவிடும். அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பது, கடை திறப்பது, பத்திரம் பதிவது எல்லாமே மகராஜுக்குரிய வியாழனில்தான். அதனால், அந்தேரி டிவி சேனல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "சீரியலுக்குக் கதை சொல்ல புதன்கிழமை வரீங்களா, வியாழக்கிழமை வரீங்களா?" என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. வியாழன் என்றாள். அன்று விரதமும் இருந்தாள்.

லிஃப்டில் ஏறிய பிறகுதான் கூட வந்த தயாரிப்பாளர் ஹஸ்முக்பாய் கேட்டார். "இந்த நாளை எவன் நம்ம தலையில கட்டினான்?"

"நான்தான் பாய் கேட்டு வாங்கினேன். நல்ல நாளாச்சே."

அவர் லிஃப்ட் சுவரில் அப்படியே சாய்ந்துவிட்டார். "அடிப்பாவி! வியாழக்கிழமை காலையிலதான் ரேட்டிங் வரும். எந்த சீரியல் ஏறிச்சு, எது படுத்துச்சுன்னு தெரியற நாளு. அன்னைக்கு இந்த ஊர்ல ஒரு ஈ காக்கா கதை சொல்லப் போகாது. எழவு வீட்டுக்குள்ள போயி கடன் கேப்பாங்களா யாராவது?"

"அப்ப இன்னொரு நாள் வரலாமா பாய்?"

"இன்னொரு நாளா? இன்னைக்குத் திரும்பினா அப்பறம் வாட்ச்மேன்கூட உள்ள விடமாட்டான். வா வா. சொந்தக் காசுல சூனியம் வெச்சாச்சு, ஆடித்தானே தீரணும்."

ஹஸ்முக்பாய் ஒரு காலத்தில் இரண்டு பக்தி சீரியல்கள் எடுத்தவர். அதற்குப் பிறகு கடவுள்களும் அவரைக் கைவிட்டார்கள். புதுக் கதை தேடிக்கொண்டிருந்தவரிடம், மலாடில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஷால்மலி யார் யாரையோ பிடித்து வந்து சேர்ந்தாள். அவள் கதை சொல்லி முடிக்கும்வரை அவர் கொட்டாவி விடவில்லை. அது ஒன்றை வைத்துக்கொண்டுதான் சேனல்வரை அழைத்து வந்திருக்கிறார். சினிமாவிலோ டிவியிலோ அவளுக்குச் சித்தப்பனும் இல்லை, மாமனும் இல்லை. இருந்தது ஒரு கதை. அதுவும் அவளுடையது இல்லை, அவள் அக்கா சுலபாவினுடையது.

சுலபாவின் புருஷன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். அந்த வேலையைத் தன் இளைய மகனுக்கு வாங்கிவிட மாமியார் தலைகீழாக நின்றாள். சுலபா விடவில்லை. புருஷனின் காக்கிச் சட்டைகளைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டு, அதே பையைத் தோளில் மாட்டி, அதே தடத்தில் போய் ஏறினாள். சாவு வீட்டில் அழவில்லை, டிப்போவில் அழவில்லை. "கல்நெஞ்சக்காரி" என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று டிக்கெட் கிழித்தாள்.

இதைக் கதையாக எழுதட்டுமா என்று ஷால்மலி கேட்டபோது, "எழுதிக்கோ" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு. என்னை அழ மட்டும் வெச்சுடாத. அந்த ஜனங்க முன்னாடி நான் அழல. டிவியிலயும் அழமாட்டேன்."

"சத்தியமா இல்லக்கா" என்று தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் ஷால்மலி.

ஏழாவது மாடி அறையில் கதைகளுக்கெல்லாம் தலைவியான பாருல் மேடம் உட்கார்ந்திருந்தாள். எதிரில் தட்டு நிறையக் கச்சோரி, ஒன்றுகூடத் தொடப்படவில்லை. கண்கள் போனிலேயே இருந்தன. யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "நம்ம எட்டரை மணி சீரியல்காரி ஏழு வருஷமா அழுதுட்டிருக்கா. எதிர் சேனல்ல ஒருத்தி முந்தாநாள் வந்து அழுதா, அவளுக்கு நம்பர் எகிறிடுச்சு. நம்மாளு அழுகைக்கு என்ன கேடு?"

ஹஸ்முக்பாய் இல்லாத சிரிப்பையெல்லாம் வரவழைத்து வணக்கம் சொன்னார். ஷால்மலியை அறிமுகப்படுத்தினார். "புதுப் பொண்ணு மேடம். மண் வாசனை!"

"மண்ணெல்லாம் பாத்தாச்சு. சொல்லும்மா."

ஷால்மலி மேசையில் விரலை மடக்கி இரண்டு முறை தட்டினாள். "டபுள் பெல், மேடம். ஒண்ணு அடிச்சா வண்டி நிக்கணும், ரெண்டு அடிச்சா போகணும். எங்க கதாநாயகி ஒவ்வொரு நாளும் கடைசியில ரெண்டு அடிப்பா. என்ன நடந்தாலும் வண்டி போகும்."

சொல்லச் சொல்ல அவளுக்கே தொண்டை திறந்துகொண்டது. பஸ், பை, சில்லறைச் சண்டை, ஜன்னலோரம் உட்காரத் துடிக்கும் கிழவர்கள். பாருல் மேடம் போனிலிருந்து தலையை எடுக்காமலே, "மாமியார் எங்க?" என்றாள்.

"வீட்ல இருக்காங்க மேடம்."

"கதாநாயகி நாள் பூரா பஸ்ல இருந்தா, மாமியார் யாரோட சண்டை போடுவா? டிரைவரோடவா?"

ஹஸ்முக்பாய் முந்திக்கொண்டார். "மாமியாரே பஸ் கம்பெனி முதலாளின்னு வெச்சுக்கலாம் மேடம்!"

"அப்ப இவ காக்கி போட வேண்டாமே. காக்கிய வெச்சுகிட்டு எந்தப் புடவைக்காரன் விளம்பரம் குடுப்பான்?"

"புடவையே கட்டிக்கட்டும் மேடம்" என்றாள் ஷால்மலி. தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனால் ஒரு சட்டையில் என்ன இருக்கிறது, அக்கா அக்காதானே என்று சமாதானமும் கூடவே வந்துவிட்டது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது தெரியாத பிள்ளையா அவள்? தெரியும். உள்ளே நுழைந்தால் போதும் என்றிருந்தது.

"சரி, புருஷன் செத்ததும் எப்படி அழுவா? அதைச் சொல்லு."

"அவ அழமாட்டா மேடம்."

பாருல் மேடம் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, அழாத பொம்பளைய யாரும்மா பாப்பாங்க? அதுவும் இன்னைக்கு வந்து என்கிட்ட சொல்ற!" போனை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

மேசைக்கடியில் ஹஸ்முக்பாயின் கால் ஷால்மலியின் காலை மிதித்தது. அவள் மிதிபடாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாள், அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

"ஒரே ஒரு தடவை அழுவா மேடம்."

முதல் நாள் வேலைக்குப் போன அக்காவுக்குத் துணையாக, அப்போது சின்னப் பெண்ணாக இருந்த ஷால்மலியும் பஸ்ஸில் போயிருந்தாள். சேகாவ் டிப்போவில் வண்டி நின்றபோது, தங்கை சீட்டில் தூங்குகிறாள் என்று நினைத்து அக்கா இறங்கிப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, போட்டிருந்த புருஷன் சட்டையின் கையை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். உடம்பு மட்டும் குலுங்கியது. சத்தம் ஒரு பொட்டு வரவில்லை. பிறகு குழாயில் வாயைக் கொப்பளித்து, சட்டைக் கையைப் பிழிந்து உதறி, வந்து இரட்டை மணி அடித்தாள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த இதை ஷால்மலி எவரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட.

இப்போது எழுந்து நின்று நடித்தே காட்டினாள். தன் துப்பட்டாவை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பாதியில் அது நடிப்பாக இல்லை.

 பாருல் மேடம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மை கலையாமல் விரல் நுனியால் கண்ணோரத்தைத் துடைத்தாள். ஹஸ்முக்பாயின் முகத்தில் பழைய சிரிப்பு உண்மையிலேயே வந்தது.  மகராஜ் கைவிடவில்லை என்று ஷால்மலி நினைத்தாள்.

"கண்ணு, பிரமாதம்" என்றாள் பாருல் மேடம். "பஸ் கதை வேண்டாம். பஸ்ஸெல்லாம் இந்த வருஷம் எடுக்க முடியாது. அந்த அழுகை மட்டும் எனக்கு வேணும். நம்ம எட்டரை மணிக்காரிக்கு அப்படியே பொருந்தும். சத்தமில்லாத அழுகை! ஏழு வருஷத்துல ஒருத்தனுக்கும் தோணல பாரு."

"எடுத்துக்குங்க மேடம், உங்களுக்கு இல்லாததா!" என்றார் ஹஸ்முக்பாய். அடுத்த முறை உள்ளே வர அவருக்கு மேடத்தின் தயவு வேண்டியிருந்தது.

"மேடம், அது..." என்று ஆரம்பித்தாள் ஷால்மலி. அது என்னுடையதில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வது? பாருல் மேடம் அதற்குள் போனில் யாரையோ பிடித்து, "டேய், கிடைச்சிடுச்சுடா" என்று சொல்லிக்கொண்டே கச்சோரி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

லிஃப்டில் இறங்கும்போது ஹஸ்முக்பாய் சொன்னார்: "மனசை விடாத. உன்கிட்டேந்து அழுகையையாவது எடுத்துகிட்டாங்க. என்கிட்ட அதைக்கூட யாரும் கேட்டதில்ல."

அக்கா போனில் கேட்டபோது, "ஒத்து வரலக்கா" என்றாள் ஷால்மலி. "போனா போகுது. அழ வைக்கலேல்ல?" என்றாள் அக்கா. "இல்லக்கா."

பேர் வேறு, ஊர் வேறு, அக்காவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அதை நம்பவும் ஆரம்பித்திருந்தாள். ஒரு மத்தியானம், கால் சென்டர் கேன்டீனில் இருந்தபோது போன் வந்தது.

"ஷாலூ, நேத்து எட்டரை மணி சீரியல் பாத்தியா? இப்ப மறுபடி போட்டாங்க."

"இல்லக்கா."

"அதுல அந்தப் பொண்ணு பங்களாவுக்குப் பின்னால நீச்சல் குளத்துகிட்ட போயி, செத்த புருஷனோட பட்டு ஜிப்பா கைய வாயில அடைச்சுகிட்டு அழுவுறா. அப்பறம் வாயைக் கொப்பளிச்சுட்டு, ஜிப்பாக் கையப் பிழிஞ்சு உதறிட்டு உள்ள போறா." அக்காவின் குரலில் கோபம் இல்லை. டிக்கெட் விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். "டிப்போ ரெஸ்ட் ரூம்ல எல்லாரும் ஓன்னு அழுதாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

ஷால்மலி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அன்னைக்கு நீ தூங்கிட்டிருந்தேன்னு நெனச்சேன்டி."

"அக்கா, நான் வந்து..."

"ஒருத்தரும் பாக்கலங்கற தெம்புலதான் இத்தனை வருஷம் இந்த பஸ் படியில ஏறிட்டிருந்தேன்." அக்கா பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது. "சரி, நேரமாச்சு."

போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏறுங்க, ஏறுங்க, உள்ள தள்ளிப் போங்க", யாரோ சில்லறை இல்லை என்பது, அக்கா அவரை அதட்டுவது. ஷால்மலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அங்கே மணி இரண்டு முறை அடித்தது. பஸ் புறப்பட்டுவிட்டது.